எண்ணுவதற்கு முன்னால்

ஆளில்லாத இடத்துக்குள் முதல் ஆளாக நுழைய யாருக்கும் கால் வராது. சலூனோ சாப்பாட்டுக் கடையோ, உள்ளே நாலு தலை தெரிந்தால்தான் ஐந்தாவது தலை எட்டிப் பார்க்கும். இணையதளத்துக்கும் அதே கதைதான். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டி முடித்துக் கதவைத் திறந்து வைத்தால், வருகிறவன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஈ ஓட்டறாங்க" என்று போய்க்கொண்டே இருப்பான்.

அக்கா கட்டிய தளத்தின் பெயர் கூடம். இசைக்காரர்களுக்கானது. ஒரு ஊரில் ஒருவர் கிட்டார் வாசித்து அதில் ஏற்றுவார். எங்கோ இருக்கும் இன்னொருவர் அதைக் கேட்டு, அதன் மேல் பாடி ஏற்றுவார். மூன்றாமவர் புல்லாங்குழல் சேர்ப்பார். முகம் தெரியாத மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, அறை வாசலில் ஒரு சின்ன விளக்கு. புதிதாக ஏதாவது ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு அந்த விளக்கு எரியும். ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

அக்கா என்பது பெயர் இல்லை. அவளுடைய தம்பி அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவனுடைய நண்பர்கள், வாடிக்கையாளர்கள், அலுவலகத்துக்குக் கீழே சாவி வெட்டும் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள். சாவிக்கடைக்காரருக்கு அவளைவிடப் பதினைந்து வயது அதிகம். அவரும் அக்கா என்றுதான் சொல்வார். அவள் என்ன செய்ய முடியும்?

இருபது வருடம் ஒலிப்பதிவு வேலை செய்து, காதும் கழுத்தும் தேய்ந்த பிறகுதான் கூடம் கட்டும் யோசனை வந்தது. கூடத்துக்கு ஒரே ஒரு விதி வைத்தாள். வாசித்ததை வாசித்தபடியே ஏற்ற வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, தப்பை நேராக்கக் கூடாது. தளத்துக்கு நிரல் எழுதிய ஒல்லி தலையைச் சொறிந்தான்.

"எதுக்கு அக்கா இந்தப் பிடிவாதம்? உலகமே நேராக்கித்தான் வெளியிடுது."

"சும்மாதான்."

சும்மாவா? அதற்கு வருவோம்.

திறப்புக்கு ஒரு வாரம் முன்னால், காலிக் கூடத்தை எப்படி நிரப்புவது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். மூன்றாவது ஆள் அக்காவின் தம்பி மனைவி. அவள் பெயரும் வீட்டில் புழக்கத்தில் இல்லை. கல்யாணமான புதிதில், எங்கே போனீங்க, யாரோட போனீங்க, ஏன் லேட்டு என்று கேள்வியாகக் கேட்டதால் புருஷன் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தான். பெயர் பசை போட்டு ஒட்டினதுபோல் ஒட்டிக்கொண்டது. கூடத்துக்கு வரும் கடிதங்களைப் படித்துப் பதில் போடுவது அவள் வேலை.

"நானே மூணு பேர்ல கிட்டார் வாசிச்சு ஏத்தறேன்," என்றான் ஒல்லி.

"நீ ஒரு பேர்ல வாசிச்சாலே தாங்காது," என்றாள் அக்கா.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அண்ணி, அவர் வாசிச்சது இருக்கே."

அவர் என்றால் லொட்டு. அக்காவின் தம்பி. கைக்குக் கிடைத்த தட்டு, மேசை, அம்மாவின் முதுகு என்று எதையாவது லொட்டு லொட்டென்று தட்டிக்கொண்டே வளர்ந்ததால் வந்த பெயர். வளர்ந்து ட்ரம்ஸ் வாசிக்கிறவன் ஆனான். ஊர் ஊராகப் பாட்டு அனுப்புவார்கள், இவன் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து அதற்கு வாசித்துக் கொடுப்பான். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். தலைக்குள் கட்டியாம். மெல்ல மெல்ல வளர்ந்து, அன்றைக்கு ரத்தம் கசிந்திருக்கிறது. முப்பத்தெட்டு வயது. மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்து போய்விட்டான்.

அவன் வாசித்த பச்சைப் பதிவுகள், அதாவது கை வைக்காத பதிவுகள், அறுபத்தொன்று அக்காவின் கணினிப் பெட்டியில் இருந்தன. கடைசி பதினான்கு மாதங்களில் வாசித்தவை. சுத்தம் செய்த பிரதிகள் எல்லாம் காசு கொடுத்தவர்களுக்குப் போய்விட்டன. அவற்றைத் தொட உரிமை இல்லை. பச்சைப் பதிவு மட்டும் வீட்டுச் சொத்து.

"பெட்டிக்குள்ள சும்மா கெடக்கறதுக்கு வாசிச்சுட்டுப் போகட்டும் அண்ணி," என்றாள் இன்ஸ்பெக்டர். "செத்துப்போனவர்னு மட்டும் போட வேணாம். போட்டா எல்லாரும் பாவமேன்னு கேப்பாங்க. அவருக்கு அது பிடிக்காது."

அக்கா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். என்ன காரணம் சொல்வாள்? மென்று முழுங்கினாள். சரி என்றாள்.

ஒல்லி தேதி வரிசைப்படி அடுக்கி, வெள்ளிதோறும் மாலை நாலு மணிக்கு ஒன்று தானாக ஏறும்படி செய்துவைத்தான். நாலு மணி இன்ஸ்பெக்டர் கேட்ட நேரம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத்தான் அவன் வேலையை முடித்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே வருவானாம்.

இப்படியாக, செத்துப்போன லொட்டு கூடத்தின் முதல் குடித்தனக்காரன் ஆனான்.

*

வெள்ளி நாலு மணி என்றால் அந்த அலுவலகத்தில் ஒரு மாதிரி ஆகிவிடும். கீழே சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிடும், இவர்கள் மூவரும் ஆளுக்கொரு வேலையாக இருப்பதுபோல் பாவனை செய்வார்கள். நாலு அடித்ததும் திரையில் லொட்டுவின் அறை வாசலில் விளக்கு எரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஒல்லி பேயறைந்தவன்போல் எழுந்து வெளியே போய்விட்டான். இத்தனைக்கும் அந்த விளக்கை எழுதினவனே அவன்தான். அக்காவுக்கோ ஒவ்வொரு வெள்ளியும் முதல் வெள்ளிதான். விளக்கு எரியும் அந்த ஒரு மணி நேரம் அவள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். முதுகில் யாரோ பார்ப்பதுபோல் இருக்கும்.

இன்ஸ்பெக்டர் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்வாள். ட்ரம்ஸில் அவளுக்கு ஒரு மண்ணும் புரியாது, கேட்பதும் இல்லை. அவள் கேட்பது வாசிப்புக்கு முந்தைய சில விநாடிகளை. வெட்டக் கூடாது என்பதுதானே விதி? அதனால் லொட்டு ஸ்டூலை இழுப்பது, தொண்டையைச் செருமுவது, ஒரு தடவை "ச்சே, குச்சி எங்க போச்சு" என்று தேடுவது, எல்லாம் அப்படியே இருந்தன. பிறகு ஒரு மூச்சு இழுப்பான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுவான். எண்ணி முடித்ததும் இன்ஸ்பெக்டர் ஹெட்போனைக் கழற்றிவிடுவாள். ஒரு வாரத்துக்கு அது போதும் அவளுக்கு.

நாலாவது வாரம் வயலின்காரி வந்தாள்.

யார், எந்த ஊர் என்று தெரியாது. அறை வாசலில் வயலின் என்று மட்டும் போட்டிருந்தாள். லொட்டுவின் வாசிப்பின் மேல் வயலினை ஏற்றினாள் பாருங்கள், அக்காவே திரும்பி உட்கார்ந்து கேட்டாள். இரண்டு பேரும் ஒரே அறையில் கண்ணைப் பார்த்துக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்தது. அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். லொட்டுவும் வயலினும் என்றே கூடத்தில் பேச்சாகிவிட்டது. அவர்களைக் கேட்க வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். முப்பது வாரத்தில் கூடத்தில் ஆயிரத்து நானூறு விளக்குகள்.

"லொட்டு வாயைத் திறந்து ஒரு நன்றி சொல்ல மாட்டாரா?" என்று ஒருவன் எழுதினான்.

"பெரிய ஆளுங்க அப்படித்தான், கெத்து," என்று இன்னொருவன் பதில் போட்டான்.

இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். ஒருநாள் லொட்டுவின் கணக்குக்குள் போய் வயலின்காரிக்கு ஒரு நன்றியைத் தட்டியும் விட்டாள். அக்கா பார்த்துவிட்டாள்.

"பொய்க்கும் ஒரு அளவு இருக்கும்மா."

"பொய் எங்க அண்ணி? அவர் இருந்திருந்தா சொல்லியிருப்பாருல்ல?"

அளவைப் பற்றிப் பேச நமக்கென்ன யோக்யதை என்று நினைத்து அக்கா தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

முப்பத்தாறாவது வெள்ளிக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, வயலின்காரி கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். இன்ஸ்பெக்டர் எப்போதும்போல் உரக்கப் படித்தாள்.

"லொட்டு அவர்களுக்கு நேரே எழுதினால் பதில் வராது என்று தெரியும், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். முப்பத்து மூன்று வாரமாக அவரோடு வாசிக்கிறேன். ஆரம்பத்தில் அவருடைய இடது கை அடி நான் எதிர்பார்க்கும் இடத்தில் வந்து விழும். இப்போது அது வரும்வரை நான் வில்லைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாராவாரம் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறேன். பழக்கம் விட்டுப்போயிருந்தால் இரண்டு கையும் தடுமாறும். இவருக்கு வலது கை கல் மாதிரி இருக்கிறது, இடது மட்டும் பின்தங்குகிறது. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் இது வாசிப்பில் உள்ள குறை இல்லை. தயவுசெய்து அவரை உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்."

கடைசி வரியோடு இன்ஸ்பெக்டர் நிறுத்தினாள். கீழே சாவி இயந்திரமும் அந்த நேரம் பார்த்து நின்றது.

"அண்ணி," என்றாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாரே, இடது கையில ஏதாவது பலவீனம் இருந்துச்சா, சாமான் கீழ போட்டாரான்னு. நான் இல்லைன்னு சொன்னேன். எனக்குத் தெரியல அண்ணி. பக்கத்துலயே படுத்திருந்தேன், தெரியல. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா எடுத்திருக்கலாம்னு சொன்னாரு."

அக்கா தரையைப் பார்த்தாள்.

"யாரோ ஒருத்தி, மூஞ்சி தெரியாதவ, கேட்டுட்டே கண்டுபிடிச்சிருக்கா. நீங்கதானே அவர் வாசிச்சது எல்லாத்தையும் கேட்டீங்க? உங்களுக்கு எதுவுமே தோணலையா?"

மாதம் ஒரு தடவையாவது இன்ஸ்பெக்டர் இந்தக் கேள்வியைக் கேட்பாள். ஏதாவது அறிகுறி இருந்துச்சா அண்ணி? யார்கிட்டயாவது சொன்னாரா அண்ணி? அக்காவும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். அன்றைக்கும் சொன்னாள்.

"இல்லம்மா."

*

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை, சொல்லிவிடலாம். அக்காவுக்குத் தெரியும்.

லொட்டுவுக்குக் கணினி என்றால் வேப்பங்காய். வாசிப்பான், ஒரு பொத்தானை அமுக்குவான், பதிவு நேரே அக்காவின் பெட்டிக்கு வந்துவிடும். அவனிடம் எதுவும் தங்காது. அக்கா அதைச் சுத்தம் செய்து அன்றைக்கே அவனுக்கு ஒன்றும் பாட்டுக்காரருக்கு ஒன்றும் அனுப்புவாள். சுத்தம் என்றால் இரைச்சலை நீக்குவது என்று லொட்டு நினைத்துக்கொண்டிருந்தான். அதுமட்டும் இல்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. திரையில் தாளம் கோடு கோடாக நிற்கும். அடி கோட்டின் மேல் விழவில்லை என்றால் அதைப் பிடித்து இழுத்துக் கோட்டின் மேல் வைத்துவிடலாம். நேராக்குவது என்பார்கள். எவ்வளவு தள்ளி விழுந்தது என்று திரை எண்ணாகவே காட்டும்.

ஒரு நொடியை ஆயிரமாகக் கூறு போட்டால் அதில் பத்து. முதலில் அவ்வளவுதான் லொட்டுவின் இடது கை பிந்தியது. மனிதன் என்றால் பத்து பிந்தத்தான் செய்யும். பிறகு பதினெட்டு. பிறகு முப்பது. அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. பொண்டாட்டி கையால் நன்றாகச் சாப்பிட்டுச் சோம்பேறி ஆகிவிட்டான் கழுதை என்று நினைத்தாள். நாற்பத்தைந்து ஆனபோது எரிச்சல் வந்தது. போன் செய்து, டேய் ஒழுங்கா பழகுடா என்று சொல்லக் கையில் எடுத்தவள் வைத்துவிட்டாள். அவனுக்கு ரோஷம் அதிகம். தாளத்தில் குறை சொன்னால் இரண்டு நாள் சோறு இறங்காது. போகட்டும், நாமே இழுத்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பாசம்தான். பாசத்தில்தான் செய்தாள். அறுபது, எழுபது, தொண்ணூறு என்று போனதையும் அப்படியே இழுத்து இழுத்து வைத்தாள். வலது கை மட்டும் ஏன் பிந்தவில்லை என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் இடது கை என்று வாயெடுத்தபோதுதான் அத்தனை எண்களும் ஒன்றாக வந்து நின்றன. அப்போது அவள் தரையைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த விதி சும்மா வரவில்லை. பச்சைப் பதிவுகள் வாராவாரம் ஊருக்கு முன்னால் ஏறும்போது, யாராவது கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆவது என்று பயமாகவும் இருந்தது, யாராவது கண்டுபிடித்துத் தொலைக்க மாட்டார்களா என்றும் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், இன்ஸ்பெக்டர் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், மறுநாள் ஏற வேண்டிய முப்பத்தேழாவது பதிவை அக்கா திறந்தாள். தேதியைப் பார்த்தாள். அவன் சாய்வதற்கு ஏழு மாதம் முன்னால். ஏழு. டாக்டர் சொன்னது ஆறு. மனசுக்குள் கழித்துப் பார்த்து, மறுபடி கழித்துப் பார்த்தாள். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஸ்டூல் இழுபட்டது. செருமல். எண்ணப்போகிறான் என்று நினைத்தாள். எண்ணவில்லை. பேசினான்.

"அக்கா, கேக்கறியா? சும்மா ஒண்ணு சொல்றேன். ரெண்டு மூணு மாசமா இடது கை கனமா இருக்கற மாதிரியே ஒரு இது. அடி லேட்டா விழுதோன்னு சந்தேகம். பயந்தே போயிட்டேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போகலாம்னுகூட நெனச்சேன். அப்பறம் நீ அனுப்பினதை எல்லாம் உக்காந்து கேட்டேன். ஒண்ணுகூடப் பிசகல, எல்லாம் டாண் டாண்னு விழுது. மனப்பிராந்திதான் போல. வேற ஏதாவது இருந்தா நீ திட்டாம விட்டிருப்பியா? இன்ஸ்பெக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாத, கேள்வி கேட்டே கொன்னுடுவா. சரி, வாசிக்கறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

பிறகு வாசித்தான். இடது கை எழுபது பிந்தி விழுந்தது.

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். இதை அவள் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்டிருப்பாள்? சுத்தம் செய்வதில் முதல் வேலையே, எண்ணுவதற்கு முன்னால் உள்ளதை வெட்டுவதுதான். அதை அவள் கையால்கூடச் செய்வதில்லை. முதல் எண்ணைக் கண்டுபிடித்து அதற்கு முன்னால் உள்ளதை மென்பொருளே வெட்டித் தள்ளிவிடும். அவன் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். அவள் வெட்டி எறிந்துவிட்டு, எழுபதை இழுத்துக் கோட்டில் வைத்து, டாண் டாண் என்று அவனுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

இவ்வளவு நாள் அவள் நினைத்திருந்தது, தெரிந்தும் சொல்லாமல் விட்டோம் என்று. அதுவே நெஞ்சில் கல்லாக இருந்தது. இது அதைவிடக் கேடு. போகக் கிளம்பினவனைக் கதவைச் சாத்தி உட்கார வைத்தது அவள் அனுப்பின பொய்.

நாளை நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள்.

அக்கா வெகு நேரம் திரையைப் பார்த்தாள். படிக்கட்டில் இன்ஸ்பெக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் எண்ணுக்கு முன்னால் உள்ளதைத் தேர்ந்து, வெட்டு என்பதை அமுக்கினாள். கூடத்துக்கு அவளே போட்ட ஒரே விதி. அவளே மீறினாள்.

*

வெள்ளி, நாலு மணி. விளக்கு எரிந்தது. அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒல்லி வெளியூர் போயிருந்தான். இன்ஸ்பெக்டர் ஹெட்போனை மாட்டினாள். உடனே கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"அண்ணி."

"என்னம்மா?"

"முன்னாடி இருக்கறது எங்க?"

அக்கா திரும்பவில்லை. "எது?"

"எடுத்த எடுப்புல ஒண்ணுங்கறாரு. ஸ்டூல் இல்ல, செருமல் இல்ல. மூச்சுகூட இல்ல. மூச்சு இழுக்காம அவரால எண்ண முடியாது அண்ணி, எனக்குத் தெரியாதா? முப்பத்தாறு வாரமா நான் கேக்கறதே அதைத்தானே? இதை யாரோ வெட்டியிருக்காங்க."

ஆயிரத்து நானூறு பேர் கூடத்தில் இருந்தார்கள். அத்தனை காதுகளிலும் அந்த வெட்டைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே காது அந்த அறையில்தான் இருந்தது. வெட்டும்போது அக்காவுக்கு இது உறைக்கவில்லை. ஒருவேளை உறைத்ததோ என்னவோ.

"நான்தான் வெட்டினேன்," என்றாள் அக்கா.

வேறு எதுவும் விளக்கவில்லை. பெட்டியில் இருந்த வெட்டாத பதிவைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். இன்ஸ்பெக்டர் அதில் உட்கார்ந்து கேட்டாள். அக்கா ஜன்னலோரம் நின்றாள். ஹெட்போனுக்குள் இருப்பது வெளியே கேட்காது. ஆனால் எந்த வார்த்தை இப்போது போகிறது என்று இன்ஸ்பெக்டரின் தோள்களைப் பார்த்தே அக்காவால் சொல்ல முடிந்தது. கேள்வி கேட்டே கொன்னுடுவா என்ற இடத்தில் அந்தத் தோள்கள் ஒரு தடவை தூக்கிப் போட்டன.

எண்ணி முடித்த பிறகும் இன்ஸ்பெக்டர் ஹெட்போனைக் கழற்றவில்லை. முதல்முறையாக வாசிப்பு முழுவதையும் கேட்டாள். அப்புறம் திரும்பினாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை, அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது.

"டாண் டாண்னு விழுதுன்னு சொல்றாரே. எதைச் சொல்றாரு?"

அக்கா சொன்னாள். நேராக்குவது என்றால் என்ன என்று சொன்னாள். பத்து, பதினெட்டு, முப்பது, நாற்பத்தைந்து என்று எல்லா எண்ணையும் சொன்னாள். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. போனை எடுத்து வைத்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தைச் சொன்னாள். "மாசாமாசம் நீ கேட்டப்போ எல்லாம் பொய் சொன்னேன்மா," என்றபோது அழுகை வந்தது. அழ நமக்கு என்ன பாத்தியதை என்று அதையும் அடக்கினாள்.

இன்ஸ்பெக்டர் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க அவருக்கு அனுப்பினது இருக்கா?"

இருந்தது. இதே வாசிப்பு, நேராக்கியது. அக்கா தேடி எடுத்து, இந்தத் தடவை ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள். லொட்டு வாசித்தான். வலது கை, இடது கை, வலது கை, இடது கை. ஒரு மயிரிழை பிசகில்லை. பக்கத்து அறையில் முப்பத்தெட்டு வயதுக்காரன் ஒருவன் நல்ல ஆரோக்கியத்தோடு உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. சாவிக்கடைக்காரர் கீழேயிருந்து இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவருக்கு என்ன தெரியும்?

முடிந்தது. இன்ஸ்பெக்டர் மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "நானா இருந்தாலும் நம்பியிருப்பேன்."

அதைவிட ஓங்கி ஓர் அறை கொடுத்திருக்கலாம். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இன்ஸ்பெக்டர், "அதை வெட்டாம ஏத்துங்க," என்றாள். அண்ணி என்று சேர்த்துச் சொல்லவில்லை. அக்கா உட்கார்ந்து, வெட்டினதை எடுத்துவிட்டு முழுப் பதிவையும் ஏற்றினாள். அணையப்போன விளக்கு மறுபடி புதிதாக எரிந்தது. இனி அந்தப் பேச்சை ஆயிரத்து நானூறு பேரும் கேட்பார்கள், வயலின்காரியும் கேட்பாள். அக்கா என்று அவன் கூப்பிடுவதை எல்லோரும் கேட்பார்கள்.

பக்கத்து மேசையில் இன்ஸ்பெக்டர் வயலின்காரிக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதைத் திரையோடு அக்காவின் பக்கம் திருப்பினாள்.

"உங்கள் கடிதத்துக்கு நன்றி. லொட்டு என் கணவர். அவர் இறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைச் சொல்லாமல் உங்களை அவரோடு வாசிக்க வைத்தோம், மன்னியுங்கள். நீங்கள் சொன்னது சரி, அவருடைய இடது கை பிந்தியது. அதைக் கவனித்தது நீங்கள் ஒருவர்தான்."

அக்கா படித்தாள். இன்ஸ்பெக்டர் குத்திக்காட்டத்தான் அப்படி எழுதினாளா, அக்காவைக் காப்பாற்ற எழுதினாளா, ஊருக்காக எழுதினாளா? முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் தப்பைத் திருத்திப் பழகின கை, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தது. கடைசி வரியை அழித்துவிட்டு எழுதினாள்.

"கவனித்தது இரண்டு பேர். சொன்னது நீங்கள் ஒருவர்தான்."

அதன் கீழே, அவனுடைய அக்கா என்று போட்டாள். இன்ஸ்பெக்டர் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு, கையை நீட்டி, அனுப்பு என்பதை அவளே அமுக்கினாள்.